முப்பது மதிப்பெண்ணும் மூண்டெழுந்த பாட்டும்

மே திங்களும் ஜூன் திங்களும் இங்கிலாந்து நாட்டிலே தேர்வுத் திங்கள்கள். பதினாறு வயதை எட்டிய மாணவரும் மாணவியரும் ஜி.சி.எஸ்.இ. எனும் பள்ளித் தேர்வை எழுதச் செல்கின்றனர். ஏ.கியூ.ஏ. எனும் தேர்வு வாரியம் நடத்தும் ஆங்கில இலக்கியத் தேர்விலே இரண்டாம் தாளுக்கு 2 மணி 15 நிமிடம், மதிப்பெண் 96. அந்தத் தாளிலே ஒரே ஒரு வினா, படித்து வந்த கவிதைத் தொகுதியைப் பற்றியது. அதற்கு 30 மதிப்பெண். மேசை மீது எழுதுகோல் உண்டு, விடைத்தாள் உண்டு; கவிதை ஏடு மட்டும் இல்லை! 2015இல் பாடமாகத் தொடங்கி, 2017இல் முதல் தேர்வு கண்ட புதிய திட்டம், ஏட்டைக் கூடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஒரு கவிதை வினாத்தாளில் அச்சாகியிருக்கும். அதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு கவிதையை மாணவன் தன் நெஞ்சிலிருந்து எடுத்துத் தரவேண்டும்.

அந்தத் தொகுதிகளில் ஒன்றுக்குப் பெயர், ‘அதிகாரமும் மோதலும்’. 15 கவிதைகள். ஷெல்லி இருக்கிறார், பிளேக் இருக்கிறார், டென்னிசன் இருக்கிறார், ஓவன் இருக்கிறார். கயானாவில் பிறந்த ஜான் அகார்டு இருக்கிறார். பாகிஸ்தானில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த இம்தியாஸ் தார்க்கர் இருக்கிறார். அதிகாரம் எது, அது எவரை அழுத்துகிறது, அழுத்தப்பட்டவர் எவ்விதம் எழுகின்றனர் என்று கேட்கும் கவிதைகள் பல, பள்ளிப் பிள்ளைகளின் கையிலே தரப்பட்டிருக்கின்றன. நல்ல செய்திதான். நாம் மகிழவேண்டிய செய்திதான். ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல், அந்தக் கவிதைகள் எவ்விதம் படிக்கப்படுகின்றன, எவ்விதம் தேர்வுக்கு ஆயத்தம் செய்யப்படுகின்றன என்று எட்டிப் பார்ப்போமானால், மகிழ்ச்சி குறைகிறது, கவலை வளர்கிறது.

எண்ணிப் பாருங்கள்! 1811ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக் கல்லூரியொன்றிலிருந்து பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வெளியேற்றப்பட்டான். நாத்திகத்தின் தேவை பற்றி ஒரு சிறு வெளியீடு வந்திருந்தது. “இதை எழுதியவன் நீதானா?” என்று கேட்டனர் கல்லூரி முதல்வர்கள். விடை கூற மறுத்தான் இளைஞன். வினாவுக்கு விடை கூறாத குற்றத்துக்காக விரட்டப்பட்ட அந்த இளைஞன்தான் ஷெல்லி. அன்று விடை தர மறுத்துக் கல்விக்கூடத்திலிருந்து வெளியேறியவர், இன்று வினாவாகவே கல்விக்கூடத்துக்குள் வந்திருக்கிறார்!

பிளேக் யார்? 1803இல், மன்னருக்கு எதிராகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1804இல் வழக்குமன்றத்திலே நின்று விடுதலை பெற்றவர். ஓவன் யார்? முதல் உலகப் போரின் அகழியிலே நின்று போரின் பொய்ப் புகழைக் கிழித்தவர். போர் முடிவதற்கு ஒரு வாரமே இருக்கையில், 1918 நவம்பர் 4ஆம் நாள் குண்டுக்கு இரையானவர். இவர்களெல்லாம் தேர்வுக்கென்றா பாடினார்கள்? முப்பது மதிப்பெண்ணுக்கென்றா நெஞ்சைத் திறந்தார்கள்?

பாட்டு ஓதுதலான கதை

ஆயத்தம் நடைபெறும் முறையைக் காண்போம். முதலில் கவிதையன்று, கவிதையைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஒவ்வொரு வரிக்கும் அருகே உரை எழுதித் தரப்படுகிறது. பிறகு வண்ண மைகள்: உவமைக்கு ஒரு நிறம், உருவகத்துக்கு ஒரு நிறம், மோனைக்கு ஒரு நிறம். பிறகு வாய்பாடு: கருத்தைச் சொல், சான்றைக் காட்டு, விளக்கத்தை எழுது. ஒவ்வொரு பத்தியும் இந்த அச்சிலே வார்க்கப்பட வேண்டும். பிறகு, எவரோ எழுதி வைத்த முழு மதிப்பெண் கட்டுரையை மனப்பாடம் செய்தல். பிறகு தேர்வு. பிறகு மறதி!

பொருளறியாமல் ஓதுவது, மணமேடையிலும் பூசைக்கூடத்திலும் மட்டுமே நடக்கும் செயல் என்று எண்ணியிருந்தோம். இல்லை, தோழர்களே! இலக்கிய வகுப்பிலும் அது நடக்கிறது. “இவ்வரியிலே மோனை வந்துள்ளது, இது படிப்பவரை மேலும் படிக்கத் தூண்டுகிறது” என்று எழுதுகிறான் மாணவன். எந்தக் கவிதைக்கும் இந்த வரி பொருந்தும். போர்க் கவிதைக்கும் பொருந்தும், காதல் கவிதைக்கும் பொருந்தும், தாலாட்டுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம், எதற்கும் விளக்கமாகாது. மந்திரத்துக்கும் அதே இலக்கணம்தானே! எந்த நோய்க்கும் ஒரே மந்திரம், எந்த வீட்டுக்கும் ஒரே மந்திரம்; ஏன் என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பர்.

மாணவனைக் குறை கூறுகிறோமா? இல்லை. ஆசிரியரைச் சாடுகிறோமா? இல்லை. காலம் குறைவு, பாடம் நிறைவு, தேர்வு முடிவை வைத்தே பள்ளியின் தரம் அளக்கப்படுகிறது எனும் நெருக்கடியிலே, ஆசிரியர் குறுக்கு வழி தேடுவது வியப்பன்று. நாம் குறை கூறுவது, கவிதைக்கு ஒரே பொருள்தான் உண்டு, அப்பொருள் மேலோரிடம் இருக்கிறது, கீழோர் அதைப் பெற்று ஒப்புவிக்கவேண்டும் எனும் எண்ணத்தை. இது இலக்கியத்தின் எண்ணமன்று, மடத்தின் எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றிலே நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்திய ஆட்சிப் பணிக்கு ஆள் எடுக்கப் போட்டித் தேர்வு நடத்தலாம் என்று மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854இல் கூறிற்று. 1855இல் முதல் தேர்வு நடந்தது. ஆங்கில இலக்கியம் அதிலே ஒரு பாடம். ஆளப் போகிறவனைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையாக இலக்கியம் பயன்பட்டது. இங்கிலாந்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியம் தனிப் பாடமாக வேரூன்றும் முன்பே, இந்தியக் கல்லூரிகளில் அது பாடமாக்கப்பட்டது என்பதையும், ஆட்சியாளரின் நோக்கம் அதிலே எவ்விதம் கலந்திருந்தது என்பதையும், கவுரி விசுவநாதன் எனும் அறிஞர் 1989இல் வெளியிட்ட நூலிலே விரிவாகக் காட்டியிருக்கிறார். கவிதை, வாயிற்காவலனாக நிறுத்தப்பட்டது. வாயிலில் நிற்பவன் கடவுச்சொல் கேட்பான்; கருத்தா கேட்பான்?

இந்தப் போக்குக்கு மறுப்பும் அந்த நாட்டிலேயே எழுந்தது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் எனும் பேராசிரியர், கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவரிடம் தந்து, “படித்துக் கருத்தெழுதுக” என்றார். அவ்விதம் பெற்ற கருத்துகளை, 13 கவிதைகளை வைத்து, 1929இல் நூலாக ஆராய்ந்தார். பெயர் தெரிந்தால் போற்றுவோர், பெயர் மறைந்ததும் தடுமாறினர்! பழகிப்போன உணர்ச்சிகளையே பாட்டின் மீது ஏற்றினர். எவர் வாயிலிருந்து வந்தாலும் பொருளின் மெய்ம்மையைப் பார் என்ற வள்ளுவர் வழியை, கவிதைக்குப் பொருத்திக் காட்டிய ஆய்வு அது. இன்று அதே தேர்விலே, முன்பு பாராத கவிதையைத் தந்து கருத்துக் கேட்கும் வினாவும் 32 மதிப்பெண்ணுக்கு இருக்கிறதே, அதற்கு முன்னோடி இம்முறையே.

உடைந்த சிலையும் உடையாத உண்மையும்

வாதம் போதும், சான்று எங்கே என்று கேட்பீர்கள். ஷெல்லியின் ‘ஓசிமாண்டியசு’ எனும் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1818 ஜனவரி 11ஆம் நாள், ‘எக்சாமினர்’ எனும் இதழிலே வெளிவந்தது. 14 வரி. பாலைவனத்திலே உடைந்து கிடக்கிறது ஒரு மன்னன் சிலை, பீடத்திலே அவனது செருக்குமொழி, சுற்றிலும் மணல். அவ்வளவுதான் கதை. ஓசிமாண்டியசு என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசுக்குக் கிரேக்கர் இட்ட பெயர்.

குறிப்பேடு என்ன கூறும்? “அதிகாரம் நிலையற்றது” என்று கூறும். மாணவன் அதை எழுதுவான். உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல ஷெல்லி எதற்கு? பட்டினத்தாரும் சொல்வார், பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்வார். ஷெல்லி என்ன செய்தார் என்று அன்றோ கேட்கவேண்டும்?

கவனியுங்கள். சிலையைக் கவிஞர் நேரில் காணவில்லை. கண்டவன் ஒரு வழிப்போக்கன். வழிப்போக்கன் சொன்னதைக் கவிஞர் சொல்கிறார். அந்த வழிப்போக்கன் சொல்லுக்குள்ளே, சிலை வடித்த சிற்பி இருக்கிறான். சிற்பியின் கல்லுக்குள்ளே மன்னன் இருக்கிறான். ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று! உலகையே அதிர வைத்ததாக எண்ணிய மன்னனின் குரல், மூன்று பேர் வாய் கடந்து, நான்காவது பேச்சாக நம் காதில் விழுகிறது. பேரரசன் பெருமையைச் சுருக்கிச் சுருக்கிச் செய்தியாக்கிவிட்டார் கவிஞர். இது கருத்தன்று, கட்டமைப்பு. கட்டமைப்பே கருத்தாகிவிட்ட அழகு இது.

இன்னும் ஒன்று. மன்னன் முகத்திலிருந்த இறுமாப்பைச் சிற்பி உணர்ந்து, அப்படியே கல்லிலே வடித்துவிட்டான். கூலி கொடுத்தவன் மன்னன். கொடுமையைப் பதிவு செய்தவன் சிற்பி. மன்னன் பெயரைக் கல் சுமக்கிறது. சிற்பியின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் பேரரசு போயிற்று, சிற்பியின் தீர்ப்பு நிற்கிறது! உழைப்பாளியின் கை, ஆள்வோனின் நாவை வென்ற கதையன்றோ இது?

இங்கே பகுத்தறிவு மாணவன் இன்னொரு பாடமும் பெறலாம். இலண்டன் அருங்காட்சியகத்திலே இருந்த ராம்சேசு சிலையைக் கண்டுதான் ஷெல்லி பாடினார் என்று சொல்வோர் உண்டு. ஆண்டைப் பார்த்தால், அந்தச் சிலை இலண்டன் வந்தடைந்தது பாட்டு அச்சேறிய பிறகு! சிலை வருகிறது எனும் செய்தி அவர் காதில் விழுந்திருக்கலாம். கண்டு பாடியிருக்க முடியாது. அச்சில் வந்ததெல்லாம் மெய்யென்று நம்புவோன் எழுதும் ‘பின்னணி’ இப்படித்தான் பின்னிக்கொள்ளும்.

பின்னணியாகச் சொல்லத்தக்கது வேறு இருக்கிறது. நண்பர் ஹோரேசு சிமித்தும் ஷெல்லியும் ஒரே பொருளில் போட்டியாகப் பாடினர். சிமித்து, ஒருநாள் இலண்டனும் இதுபோல் பாழாகக் கிடக்குமே என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். ஷெல்லி கூறவில்லை, கூறாமலே உணர வைத்தார். பாட்டு வந்த மறு ஆண்டு, 1819 ஆகஸ்ட்டு 16ஆம் நாள், மான்செஸ்டர் நகரிலே வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. அது பற்றி ஷெல்லி எழுதிய பாட்டு, அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. 1822இல் அவர் மறைந்தார், 1832இல்தான் பாட்டு வெளிவந்தது. பழைய எகிப்தைப் பாடியவர் கண் எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறதா? பின்னணி என்பது பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் அன்று. சொல்லின் பூட்டைத் திறக்கும் செய்தி எதுவோ, அதுவே பின்னணி.

ஒரே போர், இரு வரலாறு

ஒப்பிடுக என்கிறது வினா. எப்படி ஒப்பிடுவது? “இங்கே உவமை உண்டு, அங்கேயும் உவமை உண்டு, இங்கே நான்கு வரி, அங்கே ஆறு வரி” என்று கணக்குப் பார்ப்பது ஒப்பீடாகுமா? இரு கவிதைகளையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்தவேண்டும். அப்போதுதான் பொறி பறக்கும்.

எடுத்துக்காட்டு தருவோம். 1854 அக்டோபர் 25ஆம் நாள், கிரிமியப் போரிலே, பாலக்கிளாவா எனுமிடத்தில், குழம்பிய ஆணையொன்றினால், அறுநூறுக்கு மேற்பட்ட குதிரை வீரர் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தித்தாளிலே அதைப் படித்த அரசவைக் கவிஞர் டென்னிசன் பாடினார்; 1854 டிசம்பர் 9ஆம் நாள், அதே ‘எக்சாமினர்’ இதழிலே பாட்டு வந்தது. குதிரைக் குளம்பொலி சந்தத்திலே கேட்கிறது. வீரம் விண்ணளாவ உயர்த்தப்படுகிறது. எவரோ தவறிழைத்தனர் என்பதும் சொல்லப்படுகிறது. ஆனால் எவர் என்பது சொல்லப்படவில்லை! 1855இல் நூலாக வெளியிட்டபோது அந்தத் தவறு பற்றிய சொற்களை டென்னிசனே நீக்கினார். பிறகு மீண்டும் சேர்த்தார். ஆள்வோரைச் சுட்டுவதா, வேண்டாமா என்ற தயக்கம், கவிதையின் பதிப்பு வரலாற்றிலேயே தெரிகிறது. வினவாமல் மடிவதே வீரனின் கடமை என்று பாடுகிறது பாட்டு. போற்றுகிறதா, புலம்புகிறதா? இரண்டும் இருக்கிறது என்பதே நேர்மையான விடை.

இப்போது ஜான் அகார்டின் கவிதைக்கு வருவோம். 1949இல், அன்று பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த கயானாவில் பிறந்து, 1977இல் பிரிட்டனுக்கு வந்தவர். பள்ளியிலே தனக்குச் சொல்லித் தரப்பட்ட வரலாறு எவருடைய வரலாறு என்று கேட்கிறார். குழந்தைப் பாட்டு மன்னரும் குழந்தைப் பாட்டுப் பசுவும் பாடத்தில் உண்டு. அயிட்டி நாட்டு அடிமைகளை விடுதலைப் போருக்கு நடத்திய துசேன் இல்லை. ஜமைக்கா மலைகளிலே வெள்ளையரை எதிர்த்து நின்ற நானி இல்லை. மேரி சீக்கோல் இல்லை. பள்ளி வரலாற்றைச் சொல்லும் பகுதிகள் குழந்தைப் பாட்டின் எதுகையிலே துள்ளுகின்றன; மறைக்கப்பட்ட மாந்தரைச் சொல்லும் பகுதிகள் வேறு நடையிலே, சாய்ந்த எழுத்திலே, நிமிர்ந்து நடக்கின்றன. ஏட்டு ஆங்கிலத்தின் எழுத்துமுறையையும் நிறுத்தற் குறிகளையும் அவர் ஏற்கவில்லை. கரிபியன் மக்கள் பேசும் பேச்சே கவிதையாகிறது.

மேரி சீக்கோல் யார்? ஜமைக்காவில் பிறந்த கறுப்புத் தாயின் மகள். கிரிமியப் போரிலே காயம்பட்ட வீரருக்குப் பணிபுரிய முன்வந்தபோது, இலண்டனில் அவருக்கு இடம் தரப்படவில்லை. தம் சொந்தச் செலவிலே சென்றார். 1855இல் பாலக்கிளாவாவுக்கு அருகிலேயே விடுதி அமைத்து, வீரரைப் பேணினார். பாலக்கிளாவா! டென்னிசன் பாடிய அதே போர், அதே மண்! ஆணைக்கு மடிந்தவர் டென்னிசனின் பாட்டிலே வாழ்கின்றனர். ஆணையின்றி, அழைப்பின்றிச் சென்று உயிர் காத்தவர் பெயரை, நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் அகார்டு வந்து பாடவேண்டியிருக்கிறது. எவரை நினைவிலே வைப்பது என்று முடிவு செய்வதும் அதிகாரமன்றோ? இந்த ஒரு கேள்வியின் முன் இரு கவிதைகளையும் நிறுத்திப் பாருங்கள். சந்தமும் பேசும், சொல்லும் பேசும், பின்னணியும் தானே வந்து பேசும்.

இதிலே ஒரு வேடிக்கையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. பள்ளி தந்ததைக் கேள்வியின்றி ஏற்காதே என்று முழங்கும் அகார்டின் கவிதையை, கேள்வியின்றி மனப்பாடம் செய்கிறான் மாணவன்! “கயானாவில் பிறந்தார், ஆகவே கோபம் கொண்டார்” என்று பின்னணிக்கு ஒரு வரி எழுதிவிட்டு நகர்கிறான். வினவாமல் பாய்ந்த குதிரை வீரனுக்கும் இவனுக்கும் வேறுபாடு என்ன?

வாரியங்களும் தேர்வெழுதட்டும்

தேர்வு வாரியங்களே தவறாகப் படித்த நிகழ்ச்சியும் உண்டு. 2008இல் கரோல் ஆன் டஃபி எழுதிய கவிதை ஒன்று தொகுதியிலிருந்து நீக்கப்பட்டது. வேலையின்றி, மதிப்பாரின்றி, வெறுப்பேறிய ஒருவனின் குரலிலே பேசும் கவிதை அது, கத்தி வருகிறது. இளைஞர் கையில் கத்தி எனும் அச்சம் நாட்டிலே நிலவிய நேரம். புகார் எழுந்தது, கவிதை போயிற்று, பழைய பதிப்பை அழித்துவிடும்படி பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. கவிதையிலே பேசும் பாத்திரத்தையும் கவிஞரையும் ஒன்றென்று மயங்கினால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். வாரியம் மயங்கினால்? ஏடே குறைகிறது! அடுத்த ஆண்டு, 2009இல், அதே டஃபி நாட்டின் அரசவைக் கவிஞரானார். காலம் எழுதிய மதிப்பீடு அது.

2020 ஆகஸ்ட்டில், தொற்றுநோயால் பள்ளிகள் முடங்கியிருந்தபோது, மறு ஆண்டுத் தேர்விலே கவிதையை விட்டுவிடலாம் என்று இசைவு தரப்பட்டது. ஷேக்சுபியரை மட்டும் விடக் கூடாதாம். கவிஞர் பலர் கண்டித்தனர். முடிவில் 2021ஆம் ஆண்டுத் தேர்வுகளே கைவிடப்பட்டன. ஆனால் நெருக்கடி வந்ததும் முதலில் தூக்கி எறியத்தக்க சுமைகளிலே ஒன்றாகக் கவிதை எண்ணப்பட்டதை மறக்கலாமா?

2022இல் ஓ.சி.ஆர். எனும் இன்னொரு வாரியம், 15 கவிதைகளை நீக்கி, 15 புதியவற்றைச் சேர்த்தது. ஓவன், லார்க்கின் ஆகியோரின் பாட்டுகள் சில வெளியேறின. பல்வேறு இனத்துக் கவிஞர் உள்ளே வந்தனர். கல்வி அமைச்சர் சினந்தார்; மாற்றத்தை வரவேற்றோரும் இருந்தனர். பட்டியல் விரிவது நல்லது. மறைக்கப்பட்டோர் குரல் வகுப்பறையிலே ஒலிக்க வேண்டியதே என்பதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். பெயர்ப் பட்டியல் மாறி, படிக்கும் முறை மாறாவிட்டால் என்ன பயன்? பழைய தெய்வத்தை இறக்கிவிட்டுப் புதிய தெய்வத்தை ஏற்றி, அதே மந்திரத்தை ஓதினால், கோயில் மாறிற்றா? ஓவனை ஒப்புவித்த வாய் இன்று வேறொருவரை ஒப்புவிக்கும்; அவ்வளவே!

முதலில் தேர்ச்சி என்பார்க்கு

“எல்லாம் சரி ஐயா! ஏழைப் பிள்ளைக்குத் தேர்ச்சி வேண்டும். சிந்தனை பிறகு ஆகட்டும், முதலில் மதிப்பெண்” என்பார் உண்டு. அவர் கவலையை மதிக்கிறோம். ஏழைப் பிள்ளைக்காகவே நாமும் பேசுகிறோம். ஆயத்தக் கட்டுரையும் தனிப் பயிற்சியும் பணம் உள்ளவன் வீட்டுக்கு எளிதிலே வரும். விலைக்கு வாங்க முடியாத கருவி ஒன்றே ஒன்று: சொந்த அறிவு. அதைத் தீட்டாமல் விடு என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது அவனுக்குச் செய்யும் உதவியா?

கணக்கும் நம் பக்கமே இருக்கிறது. 15 கவிதைகளில் இரண்டிரண்டாக இணைத்தால் 105 இணைகள். 105 கட்டுரைகளை எவன் மனப்பாடம் செய்வான்? செய்தாலும் வினா வேறு கோணத்தில் வந்தால் என் செய்வான்? வாரியத்தின் மதிப்பீட்டு முறையையே பாருங்கள். 30 மதிப்பெண்ணில், கவிதையைப் புரிந்து கருத்தை நாட்டுவதற்கு 12, மொழியையும் வடிவத்தையும் ஆராய்வதற்கு 12, பின்னணிக்கு 6. விடைகள் ஆறு படிகளாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. அடிப்படியிலே எளிய கூற்று. நடுவிலே தெளிந்த விளக்கம். மேற்படியிலே, தேடி ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் திறனாய்வு. ஒப்புவித்தல் நடுப்படி வரை ஏற்றிவிடலாம். மேற்படிக்கு ஏற்றுவது பகுத்தறிவே. ஆகவே, சிந்தனை வேறு, மதிப்பெண் வேறு என்பது பொய்ப் பிரிவினை.

ஆயத்தம் செய்வது எப்படி?

குறை கூறி நிறுத்துவது நம் வழக்கமன்று. வழியும் கூறுவோம்.

முதலில், குறிப்பேட்டை மூடிவிட்டுக் கவிதையை வாய்விட்டுப் படிக்கவேண்டும். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு, இக்கவிதையிலே நடப்பது என்ன என்று சொந்தச் சொல்லிலே ஒரே வாக்கியம் எழுதவேண்டும். தவறாக இருந்தாலும் தன்னுடையதாக இருக்கட்டும். தவறு திருந்தும், கடன் வாங்கியது திருந்தாது.

அடுத்து, நான்கு கேள்விகள். பேசுவது யார்? எவரிடம் பேசுகிறார்? எவர் பேசாமல் விடப்பட்டிருக்கிறார்? எந்த இடத்திலே கவிதை திரும்புகிறது? ஓசிமாண்டியசிலே பேசாதவன் சிற்பி. டென்னிசனிடம் பேசாதவர் மாண்ட வீரர். இக்கேள்விகள் கதவைத் திறக்கும்.

மூன்றாவதாக, அணியின் பெயரைத் தேடாமல், ‘ஏன்’ என்று கேட்கவேண்டும். இந்தச் சொல்லுக்கு ஈடாக வேறு சொல் வைத்தால் என்ன கெடும்? இந்த வரி இங்கே முறியாமல் ஓடியிருந்தால் என்ன குறையும்? கெடுவதும் குறைவதும் எதுவோ அதுவே விடை. பெயர் தெரிந்தால் நன்று. காரணம் தெரியாவிட்டால் பெயர் வெறும் பெயர்.

நான்காவதாக, மனப்பாடம். மனப்பாடம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஏடு இல்லாத தேர்விலே நினைவு வேண்டும். ஆனால் எவரோ எழுதிய கட்டுரையை அன்று. கவிஞர் எழுதிய சொற்களை. ஒவ்வொரு கவிதையிலும், அதன் உயிர் நிற்கும் நான்கைந்து சிறு தொடர்கள் போதும். பொருள் புரிந்த பின் நெஞ்சில் நிற்கும் சொல், தேர்வு நாளன்று அச்சத்திலும் கைவிடாது. நினைவு, அறிவுக்கு ஏவலாளாக இருக்கட்டும், எசமானனாக வேண்டாம்.

ஐந்தாவதாக, இணைகளை நண்பர் இருவர் கூடிப் பேசிப் பழகவேண்டும். ஒருவர் ஒரு கவிதைக்கு வழக்குரைஞர், மற்றவர் மற்றதற்கு. ஒரே கேள்வி, இரு வாதம், பிறகு இடம் மாறிப் பேசவேண்டும். மன்றங்களிலே பட்டிமண்டபம் கண்ட நம் இளைஞருக்கு இது புதிதன்று.

கடைசியாக, எழுதும் வேளை. நேரத்தைப் பங்கிட்டால் இவ்வினாவுக்கு ஏறத்தாழ 45 நிமிடம் கிடைக்கும். முதல் ஐந்தாறு நிமிடம் எழுதுகோலை அடக்கி, “என் தீர்ப்பு என்ன?” என்று முடிவு செய்க. முதல் பத்தியிலேயே தீர்ப்பைச் சொல்லுக. பின் ஒவ்வொரு பத்தியும் அதற்குச் சான்று தரட்டும்; ஒவ்வொன்றிலும் இரு கவிதைகளும் எதிரெதிரே நிற்கட்டும். பாத்திரத்தைக் கவிஞர் என்று மயங்காதே. ஐயம் இருக்குமிடத்தில் ஐயத்தையே எழுது: இவ்விதமும் கொள்ளலாம், அவ்விதமும் கொள்ளலாம், நான் இதைக் கொள்கிறேன், காரணம் இது என்று. அதுவே திறனாய்வு, அதுவே பகுத்தறிவு.

இளைஞர்களே! தேர்வு ஒரு காலை நேரத்திலே முடிந்துவிடும். முப்பது மதிப்பெண்ணும் சான்றிதழிலே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும். ஆனால், “பேசுவது யார்? பேசாமல் விடப்பட்டவர் யார்? எவர் நலனுக்காக இது சொல்லப்படுகிறது?” என்று கேட்கப் பழகிய மாணவன், தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்த பின், செய்தித்தாளையும் அவ்விதமே படிப்பான், மேடைப் பேச்சையும் அவ்விதமே கேட்பான், புனிதம் என்று நீட்டப்படும் ஏட்டையும் அவ்விதமே புரட்டுவான். ஏமாற்றுவோருக்கு அவனிடம் இடமில்லை. ஒரு கவிதையைக் கற்பதனால் கிடைக்கும் ஊதியம் அது.